குருத்தைத் தின்னும் கூன்வண்டு

குருத்து ஞாயிறன்று நம் பங்கு மக்கள் கையில் குருத்தோலை ஏந்தி, ஓசன்னா பாடி, ஆலயத்தை நோக்கிப் பவனி வரும் காட்சியைக் கண்டு உள்ளம் பூரிக்காத குருவும் உண்டோ! சிறு பிள்ளைகள் அவ்வோலையைச் சிலுவையாக முடைவர். தாய்மார் அதனை இல்லத்துத் திருப்படத்தின் பின்னே பயபக்தியுடன் செருகி வைப்பர். மறு ஆண்டு விபூதிப் புதனன்று அதுவே சாம்பலாகி நம் நெற்றியில் ஏறும். ஆனால் அவ்வோலையைத் தந்த மரம் எந்நிலையில் இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் அண்ணாந்து பார்த்திருக்கிறோம்? இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துத் தென்னந்தோப்புகளைப் பற்றி இம்மாதம் எழுத முற்பட்டதற்கு இக்கேள்வியே காரணம்.

பூச்சிகளைப் பற்றி எழுதுவது குருவின் பணியோ என்று சிலர் எண்ணக்கூடும். குருமடத்தில் நாம் கற்றவை மெய்யியலும் இறையியலுமே, பூச்சியியல் அன்று. ஆயினும், பங்கு மக்களின் அடுப்பு எரிகிறதா என்று கேளாத மறையுரையால் யாருக்கு என்ன பயன்? ஆதலால் உழவர்களிடமும் வேளாண்மை அலுவலர்களிடமும் கேட்டறிந்தவற்றையும், ஆராய்ச்சி நிலையங்கள் மக்களுக்கென வெளியிட்டிருப்பவற்றையும் தொகுத்து இங்கே தருகிறோம்.

மரத்தில் காது வைத்த முதியவர்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், வடக்கே வத்திராயிருப்பு தொடங்கித் தெற்கே சேத்தூர், தேவதானம் வரையில் தென்னையும் மாவுமாகத் தோப்புகள் விரிந்து கிடக்கின்றன. மலையிலிருந்து இறங்கும் ஓடைகளும், கண்மாய்களும், கிணறுகளுமே இவற்றுக்கு உயிர். ஆலைகளும் கைத்தறியும் தீப்பெட்டித் தொழிலும் மலிந்த இம்மாவட்டத்தில், நாற்பது ஐம்பது தென்னைகளை நம்பி நாளைக் கடத்தும் குடும்பங்களும் பல உள்ளன.

அத்தகைய ஒரு தோப்புக்குச் சில மாதங்களுக்கு முன் நாம் செல்ல நேர்ந்தது. தோப்புக்குரியவர் கணவனை இழந்த ஒரு தாய். இளைய மகனின் கல்லூரிக் கட்டணம் தேங்காய் விற்ற பணத்திலிருந்துதான் போகவேண்டும். அறுபது மரங்களில் ஏழு மரங்கள் ஓராண்டுக்குள் மண்டை சாய்ந்துவிட்டன. "சாமி, யாரோ செய்வினை வைச்சிட்டாங்கன்னு சொல்றாங்க. நீங்க வந்து தீர்த்தம் தெளிச்சு மந்திரிக்கணும்" என்று அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் சென்றோம்.

மந்திரித்தோம். ஆனால் அதனோடு நின்றுவிடவில்லை. தோப்பு வேலையிலேயே தலை நரைத்த முதியவர் ஒருவர் உடன் வந்திருந்தார். பார்வைக்குச் செழிப்பாகத் தோன்றிய ஒரு மரத்தின் அடியில் நின்று, "கொஞ்சம் பேசாம இருங்க சாமி" என்று கூறித் தண்டின்மேல் காதை வைத்தார். சற்று நேரம் கழித்து, "நீங்களும் கேளுங்க" என்றார். நாமும் காது வைத்தோம். உள்ளே எதுவோ எதையோ மென்று கொண்டிருக்கும் ஓசை, மெல்லிதாயினும் தெளிவாகக் கேட்டது. செய்வினை எதுவும் அங்கில்லை. மரத்தைக் குடைந்து தின்பது செந்நிறக் கூன்வண்டின் புழு என்பதை அன்று அறிந்தோம்.

பேரீச்சை நாட்டில் புகுந்த பகைவன்

இவ்வண்டு நமக்கு அந்நியமன்று. தெற்காசியாவும் தென்கிழக்காசியாவுமே இதன் தாயகம். நம் நாட்டுத் தென்னைக்கு இது கொடிய பகை என்பதை ஆங்கிலேயப் பூச்சியியல் அறிஞர் லெஃப்ராய் 1906ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். ஆயினும் இதன் பெயர் உலகெங்கும் அடிபடலானது கடந்த நாற்பது ஆண்டுகளுக்குள்தான். 1980களின் நடுவில் அரபு வளைகுடா நாடுகளின் பேரீச்சந்தோப்புகளில் இது தோன்றியது. 1990களின் தொடக்கத்தில் எகிப்திலும், பின்னர் ஸ்பெயினிலும், 1999இல் யோர்தான் பள்ளத்தாக்கிலும், 2004இல் இத்தாலியிலும் கண்டறியப்பட்டது. 2017ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் இவ்வொரு வண்டுக்காகவே உரோமையில் பன்னாட்டுக் கூட்டமொன்றைக் கூட்டியது என்றால் இதன் கொடுமையை ஊகித்துக்கொள்ளலாம்.

விவிலியத்தை வாசிப்போருக்குப் பேரீச்சையின் பெருமை தெரியும். இஸ்ராயேல் மக்கள் பாலைவனத்தில் இளைப்பாறிய ஏலிமில் எழுபது பேரீச்ச மரங்கள் இருந்தன. எரிக்கோ நகருக்குப் பேரீச்சை நகர் என்றே பெயர். 92ஆம் சங்கீதம் நீதிமானைப் பேரீச்சைக்கு ஒப்பிடுகிறது. ஆண்டவர் யெருசலேமில் நுழைந்தபோது மக்கள் ஏந்திச் சென்றது பேரீச்சங்கிளைகளையே என்று அருளப்பர் பெயர் சுட்டி எழுதுகிறார். பேரீச்சை மலிந்திராத நம் நாட்டில் தென்னங்குருத்தை நாம் ஏந்துகிறோம். ஸ்பெயின் நாட்டின் எல்சே நகரிலோ பேரீச்சை ஓலைகளை ஒளி படாதவாறு கட்டி, வெண்ணிறமாக வளரச் செய்து, குருத்து ஞாயிறுக்கென முடைவது நெடுங்கால வழக்கம். 2000ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்த அந்தத் தோப்பையும் கூன்வண்டு விட்டுவைக்கவில்லை. ஆண்டவருக்கு அவர்கள் ஏந்தும் குருத்துக்கும் நாம் ஏந்தும் குருத்துக்கும் இன்று பகைவன் ஒருவனே.

இவ்வண்டு கடல் கடந்தது எவ்வாறு? தன் சிறகால் அன்று. நாற்றுகளையும் அழகு மரங்களையும் கப்பலேற்றிய மனிதரே, உள்ளே புழு இருப்பதை அறியாமல் இதனையும் ஏற்றிச் சென்றனர். இதனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நமக்குப் பயன்படும்.

ஒரே குருத்து, ஒரே உயிர்

மாமரத்தின் கிளையொன்றை வெட்டினால் வேறொரு கிளை துளிர்க்கும். வேம்பைத் தறித்தாலும் அடியிலிருந்து மீண்டும் தழைக்கும். தென்னைக்கோ வளரும் முனை ஒன்றே ஒன்று. உச்சியில், மட்டைகளின் நடுவே, பொதிந்து கிடக்கும் அக்குருத்து அழிந்தால் மரம் அழிந்தது. மேலும், மற்ற மரங்களின் பட்டையில் ஏற்படும் காயம் காலப்போக்கில் மூடிக்கொள்வதுபோலத் தென்னையின் தண்டில் ஏற்பட்ட காயம் மூடுவதில்லை. பத்தாண்டுக்கு முன் பட்ட வெட்டு இன்றும் வெட்டாகவே நிற்கும்.

பெண் வண்டு தேடி வருவது இத்தகைய காயங்களையும் மென்மையான இடங்களையுமே. ஏறத்தாழ ஓர் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட நீளமும், செம்பழுப்பு நிறமும், யானைத் துதிக்கைபோல் வளைந்த மூக்கும் உடையது இவ்வண்டு. தன் வாழ்நாளில் இருநூறு முதல் முந்நூறு முட்டைகள் வரை இடும். மூன்று நான்கு நாட்களில் முட்டை பொரிந்து காலற்ற வெண்புழு வெளிவரும். ஒன்று முதல் மூன்று மாதங்கள்வரை அது மரத்தின் உள்ளேயே குடைந்து தின்னும். பின் தென்னை நாரையே சுற்றிக் கூடு கட்டி அதனுள் உறங்கும். இரண்டு மூன்று வாரங்களில் வண்டாக வெளிப்படும். முட்டையிலிருந்து வண்டு வரை ஏறத்தாழ நான்கு மாதக் கணக்கு. முட்டையும் புழுவும் கூடும் வண்டும் ஒரே மரத்துள் ஒரே சமயத்தில் இருப்பதுண்டு.

ஐந்து முதல் இருபது ஆண்டு வரையிலான இளமரங்களையே இது மிகுதியாகத் தாக்குகிறது. காய்ப்புக்கு வந்து, கடனை அடைக்கத் தொடங்கும் வயதில் மரம் போய்விடுகிறது. அதனாலன்றோ உழவர் இதனைக் குடும்பத்தில் நேர்ந்த சாவுபோல் எண்ணி அழுகின்றனர்! தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்று அழைப்பது நம் வழக்கம் அல்லவா?

கதவைத் திறந்து விடுவோர்

கூன்வண்டு தானாகக் கதவை உடைப்பது குறைவு; பிறர் திறந்து விட்ட கதவில் நுழைவதே அதன் வழக்கம். அக்கதவைத் திறப்போருள் முதல்வன் காண்டாமிருக வண்டு. கருநிறமும் தலையில் கொம்பும் உடைய இது, விரியாத குருத்தைத் துளைத்துச் சாற்றைக் குடிக்கும். அக்குருத்து விரியும்போது ஓலைகள் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் முக்கோண வடிவில் அறுபட்டிருக்கும். இவ்வடையாளத்தைக் கண்டால் காண்டாமிருக வண்டு வந்து போயிற்று என்று அறியலாம். அது விட்டுச் சென்ற துளையின் வழியே கூன்வண்டு பின்தொடரும்.

காண்டாமிருக வண்டு பிறந்து வளரும் இடம் எது? நம் எருக்குழி! மக்கிய சாணத்திலும், அழுகிய தென்னந்தடியிலும் அதன் புழுக்கள் சுருண்டு கிடக்கின்றன. ஆகவே எருக்குழியை அவ்வப்போது கிளறி, புழுக்களைப் பொறுக்கி அழிப்பது முதற்கடமை. மெட்டாரைசியம் என்னும் பச்சை நிறப் பூஞ்சாணத்தை எருக்குழியில் கலந்தால் அது இப்புழுக்களுக்கு நோயை உண்டாக்கிக் கொல்லும்.

கதவைத் திறக்கும் மற்றொருவர் நாமே. ஏறுவதற்கு வசதி என்று தண்டில் படி வெட்டுகிறோம். ஆணி அடித்துக் கம்பி கட்டுகிறோம். வண்டி மோதிச் சிராய்த்த இடத்தைக் கவனியாமல் விடுகிறோம். பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்ட அறுக்கிறோம். அப்புதிய காயத்தின் மணமே வண்டுக்கு விருந்தழைப்பு. பச்சை மட்டையை வெட்டுவதையே தவிர்க்கவேண்டும் என்பதும், வெட்டியே தீரவேண்டுமாயின் தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர், அதாவது நான்கடி விட்டு வெட்டவேண்டும் என்பதும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அறிவுரை.

மரம் சொல்லும் குறிகள்

நடுக்குருத்து வாடிச் சாய்ந்தபின் ஓடுவதில் பயனில்லை. அதற்கு முன்னரே மரம் சில குறிகளைக் காட்டுகிறது. தண்டில் சிறு சிறு துளைகள் தோன்றும். அவற்றிலிருந்து பழுப்பு நிறச் சாறு கசியும். மென்று துப்பிய நார் துளையின் வாயில் ஒட்டியிருக்கும். அருகே சென்றால் புளித்த கள் நாற்றம் வீசும். உட்சுற்று ஓலைகள் மஞ்சளடையும். தண்டில் காதை வைத்தால் நம் முதியவர் கேட்ட அதே ஓசை கேட்கும். யோர்தான் பள்ளத்தாக்கின் பேரீச்சந்தோப்புகளில் இதனை மோப்பம் பிடிக்க நாய்களைப் பழக்கிப் பார்த்தனர். நமக்கு நாய் வேண்டாம். மாதத்துக்கு இருமுறை மரத்துக்கு மரம் நின்று பார்க்கும் பொறுமை போதும். பள்ளி விடுமுறை நாட்களில் பிள்ளைகளையே இப்பணிக்குப் பழக்கலாம். அவர்களின் கண்ணும் காதும் நம்முடையவற்றைவிடக் கூர்மையானவை.

செய்யவேண்டியவை

தண்டில் காயமோ துளையோ கண்டால் களிமண், சிமெண்ட் அல்லது தார் கொண்டு உடனே அடைத்துவிட வேண்டும். காண்டாமிருக வண்டு குருத்தில் இருப்பது தெரிந்தால் கொக்கி போன்ற கம்பியால் அதனைக் குத்தி வெளியே எடுக்கவேண்டும். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம், உச்சியின் உட்புற மூன்று மட்டை இடுக்குகளில் இடுவது எளிதான காவல். இளங்கன்றுகளுக்கு மூன்று நாப்தலின் உருண்டைகளை மட்டை இடுக்கில் வைத்து மணலால் மூடி, 45 நாட்களுக்கு ஒரு முறை புதுப்பிப்பதும் வழக்கத்தில் உள்ளது.

கூன்வண்டைப் பிடிக்க இனக்கவர்ச்சிப் பொறி என்னும் வாளி உண்டு. ஆண் கூன்வண்டு தன் இனத்தை அழைக்க ஒருவித மணத்தை வெளியிடுகிறது. அம்மணம் எதனால் ஆனது என்பதை 1993ஆம் ஆண்டில் அறிஞர்கள் கண்டறிந்தனர். இன்று அதனைச் செயற்கையாகச் செய்து சிறு பொதிகளில் விற்கின்றனர். பக்கங்களில் துளையிட்ட வாளியில் அப்பொதியைத் தொங்கவிட்டு, உள்ளே தண்ணீரும் கரும்புத் துண்டோ வெல்லப்பாகோ இட்டால் ஆணும் பெண்ணுமாக வண்டுகள் வந்து விழும். ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு ஒரு வாளி போதும். வாரந்தோறும் வண்டுகளை அகற்றித் தண்ணீரையும் கரும்பையும் மாற்றவேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: வாளியை இளமரத்தின்மேலோ அதனருகிலோ கட்டலாகாது, அழைத்து வந்த வண்டு வாளியில் விழாமல் மரத்தில் ஏறிவிடும். மேலும், ஒருவர் மட்டும் வாளி கட்டினால் ஊர் வண்டெல்லாம் அவர் தோப்பை நோக்கி வரும். அடுத்தடுத்த தோப்பினர் ஒருங்கே கட்டும்போதுதான் முழுப்பயன் கிட்டும்.

தாக்குதலைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் மரத்தைக் காப்பாற்ற இயலும். கீழ்த் துளைகளை அடைத்து, மேல் துளையின் வழியே புனல் வைத்துப் பூச்சி மருந்துக் கரைசலை ஊற்றி, அதனையும் மூடிவிடுவது முறை. எந்த மருந்து, எவ்வளவு என்பதை வேளாண்மை அலுவலரிடம் கேட்டே செய்யவேண்டும். மருந்திட்ட மரத்தின் காயையும் இளநீரையும் அவர் குறிப்பிடும் நாள் கழியும்வரை பறிக்கலாகாது. ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையமும், அருப்புக்கோட்டையில் மண்டல ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. தென்னைக்கெனவே ஆழியாறு நகரிலும் வேப்பங்குளத்திலும் நிலையங்கள் உண்டு. கடைக்காரர் சொல்வதைக் கேட்டு வாங்குவதைவிட இவற்றின் வாசலை மிதிப்பது மேல்.

நஞ்சைக் குறித்து ஒரு சொல்

பழைய கையேடுகள் பலவற்றில், தென்னை வேரில் மோனோகுரோட்டபாஸ் கட்டும்படி எழுதியிருக்கும். அதனை இனிப் பின்பற்றலாகாது. 2023ஆம் ஆண்டில் மத்திய அரசு அம்மருந்துக்குத் தடையாணை பிறப்பித்தது. 2013ஆம் ஆண்டு சூலை மாதம் பீகார் மாநிலத்தின் சரண் மாவட்டத்தில், பள்ளி மதிய உணவின் சமையல் எண்ணெயில் இதே நஞ்சு கலந்திருந்ததால் 23 குழந்தைகள் உயிரிழந்தனர். எண்டோசல்பான் விளைத்த துயரைக் காசர்கோட்டு மக்கள் இன்றும் சுமக்கின்றனர். 2011இல் உச்ச நீதிமன்றம் அதனைத் தடைசெய்தது. எந்த மருந்தையும் வீட்டுக்குள் வையாதீர்கள். வெறும் புட்டியைக் கழுவி எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ பயன்படுத்தாதீர்கள். மனக்கசப்பு மிகுந்த வீட்டில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் புட்டி எத்தனை உயிரைக் குடித்திருக்கிறது என்பதை அடக்கச் சடங்குகளில் நின்ற நாம் அறிவோம்.

மேலும், எல்லாப் பூச்சிக்கும் நஞ்சு மருந்தாகாது. 2016ஆம் ஆண்டில் பொள்ளாச்சிப் பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈ, ஓலையின் அடியில் வெண்பஞ்சு போல் படிந்து, கீழ் ஓலைகளைக் கரி பூசியதுபோல் ஆக்குகிறது. அதனைக் கண்டு அஞ்சி மருந்தடிப்போர், அவ்வீயைத் தன்னுள் இருந்தே அழிக்கும் என்கார்சியா என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவியையும் சேர்த்துக் கொன்றுவிடுகின்றனர். ஆண்டவர் அனுப்பிய காவற்காரனை நாமே அடித்து விரட்டுவதற்கு ஒப்பாகும் அது.

பட்ட மரம் யாருடையது?

இனி, அந்தத் தாயின் தோப்புக்குத் திரும்புவோம். ஏழு மரங்களை இழந்த அவர், பட்டவற்றை உடனுக்குடன் வெட்டி எரித்திருந்தார். அப்படியிருந்தும் நோய் நிற்கவில்லையே, ஏன்? வரப்புக்கு அப்பால் பார்த்தோம். அங்கே மண்டை சாய்ந்த மரங்கள் மூன்று நின்றுகொண்டிருந்தன. இரண்டு தரையில் கிடந்தன. அது அவருடைய கொழுந்தனாரின் தோப்பு. கிணற்றுப் பங்கு காரணமாக இரு வீட்டாருக்கும் நான்கு ஆண்டுகளாகப் பேச்சில்லை. வழக்கு நீதிமன்றத்தில் இருந்தது. "நான் எப்படிச் சாமி அவர்கிட்ட போய் மரத்தை வெட்டுங்கன்னு சொல்ல?" என்றார் அந்தத் தாய்.

நாம் சென்றோம். அவரும் நம் பங்கினரே, திருப்பலிக்கு வருபவரே. "வெட்டுக் கூலி யார் குடுப்பா சாமி? மண்டை போன மரத்தை ஒருத்தனும் வாங்க மாட்டான். நின்னா நின்னுட்டுப் போகுது" என்றார். அவர் கூறியதிலும் நியாயம் உண்டு. இழப்போடு இழப்பாக வெட்டுக் கூலியும் சேர்ந்தால் சிறு உழவர் எங்கே போவார்? எனவே இளைஞர் இயக்கத்துப் பிள்ளைகள் சிலரை ஒரு சனிக்கிழமை அழைத்துச் சென்றோம். மரம் வெட்டத் தெரிந்த ஒருவர் துணைக்கு வந்தார்.

அண்மையில் மண்டை சாய்ந்த மரமொன்றை வெட்டி, உச்சிப் பகுதியைப் பிளந்தபோது, உள்ளே நார்க் கூடுகளும் வெண்புழுக்களுமாக நெளிந்தன. அப்போதுதான் கூட்டை விட்டு வெளிவந்த வண்டுகளும் இருந்தன. தரையில் கிடந்து மக்கிய தடியைப் புரட்டினால் அங்கே காண்டாமிருக வண்டின் புழுக்கள். ஈரம் உள்ளவரை கூன்வண்டுக்கும், மக்கிய பின்னர் காண்டாமிருக வண்டுக்கும் வீடாக இருக்கின்றன நாம் விட்டுவைக்கும் பட்ட மரங்கள்! அந்த மனிதர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "மதினி தோப்புக்கு இங்கயிருந்துதான் போயிருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

ஆம், இங்கிருந்துதான். கூன்வண்டு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் பறக்க வல்லது. அதற்குப் பட்டாவும் தெரியாது, வரப்பும் தெரியாது, வழக்கு எண்ணும் தெரியாது. அயலான் செழிக்க நாம் உதவாமல் இருக்கலாம். ஆனால் நம் தோப்பில் நிற்கும் பட்ட மரம் அவன் தோப்பை அழித்துக்கொண்டே இருக்கும். 'என் சகோதரனுக்கு நான் காவலோ' என்னும் கருத்தில் காயின் கேட்ட கேள்விக்கு, அம்மரத்தினுள் கண்ட புழுக்களே விடை கூறின.

காய்க்காத அத்தி மரத்துக்கு ஓராண்டுத் தவணை கேட்ட தோட்டக்காரனை லூக்காஸ் நற்செய்தியில் காண்கிறோம். உயிருள்ள மரத்துக்கு அத்தவணை தகும். முற்றுகைக் காலத்திலும் கனிமரத்தை வெட்டலாகாது என்று உபாகமம் கட்டளையிடுகிறது. ஆனால் குருத்தழிந்த தென்னைக்குத் தவணை கொடுப்பது இரக்கமாகாது. நிற்கின்ற மற்ற மரங்களுக்கு இழைக்கும் அநீதியாகும். அதனை வெட்டிப் பிளந்து, புழுவிருக்கும் பகுதியை எரித்துவிடவேண்டும். பாலமாகவோ திண்ணையாகவோ ஆக்கித் தோப்பிலேயே போட்டுவைக்கலாகாது. நாற்று வாங்கும்போதும் கூலி மிச்சம் என்று கண்ட இடத்தில் வாங்காமல், நன்கு பார்த்தே வாங்கவேண்டும். கடல் கடந்து இவ்வண்டு போன வழி அதுவே என்று முன்னர் கூறினோம் அல்லவா?

பங்குகளுக்கு ஒரு வேண்டுகோள்

இவ்வட்டாரப் பங்குகளுக்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். முதலாவது, குருத்து ஞாயிறுக்கு ஓலை வெட்டும்போது இளமரங்களைத் தொடாதீர்கள். காய்ப்பு ஓய்ந்த முதிய மரங்களிலிருந்தும், வெட்டப்படவிருக்கும் மரங்களிலிருந்தும் எடுங்கள். மரமேறும் சகோதரரிடம் குருத்தின் அடியில் அரிவாள் படாதவாறு வெட்டச் சொல்லுங்கள். ஓர் ஓலையைக் கிழித்துப் பத்துப் பேர் பகிர்ந்துகொண்டாலும் ஆண்டவர் ஏற்றுக்கொள்வார்.

இரண்டாவது, உழவரின் பாதுகாவலரான புனித இசிதோரின் திருநாளாகிய மே 15ஆம் நாளை ஒட்டி, ஊர்த் தோப்புகளைச் சமய வேறுபாடின்றிச் சுற்றிப் பாருங்கள். பட்ட மரம் நிற்குமாயின், கூலி கொடுக்க இயலாதவருக்கு இளைஞர்கள் உழைப்பைத் தானமாக அளிக்கட்டும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட சுற்றுமடலில் இவ்வுலகை நம் பொது இல்லம் என்று அழைத்தார். பொது இல்லத்தில் என் அறை, உன் அறை என்று தீ பார்த்துப் பரவுவதில்லை.

மூன்றாவது, இனக்கவர்ச்சிப் பொறிகளை அடுத்தடுத்த தோப்பினர் கூட்டாக வாங்குங்கள். தனியொருவருக்குச் செலவாகத் தோன்றுவது பத்துப் பேர் சேர்ந்தால் சுமையாகாது.

அந்த இரு தோப்புகளின் கதை எவ்வாறு முடிந்தது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நாம் சென்ற பின்னரும் அந்தத் தாய் இரண்டு மரங்களை இழந்தார். முன்னரே உட்புகுந்த புழுவை வெளியேற்ற இயலவில்லை. காதை வைத்து ஓசை கேட்ட மரத்துக்கு அலுவலரின் சொற்படி மருந்திட்டனர்; அது பிழைத்துக்கொண்டது, புதுக் குருத்து விட்டிருக்கிறது. கிணற்று வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் வரப்பின் நடுவே, இரு தோப்புக்கும் பொதுவாக ஒரு வாளி தொங்குகிறது. ஒரு வாரம் மதினி வீட்டார் அதனைச் சுத்தம் செய்கின்றனர். மறு வாரம் கொழுந்தனார் வீட்டார் செய்கின்றனர். எத்தனை வண்டு விழுந்தது என்று எண்ணிச் சொல்வதற்காகவாவது ஒருவரோடு ஒருவர் பேசவேண்டியிருக்கிறது.

யோவேல் இறைவாக்கினர் திராட்சையும் அத்தியும் பேரீச்சையும் வாடிப்போன நாளில் மக்களை நோன்புக்கும் செபத்துக்கும் ஒன்றாக அழைத்தார். மரம் வாடும்போது தனித்தனியே அழுவதால் பயனில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். வருகின்ற தவக்காலத்தில் நோன்போடு இதனையும் சேர்த்துக்கொள்வோம்: நம் தோப்பில் பட்ட மரம் ஏதேனும் நிற்கிறதா என்று பார்ப்போம், அயலாரோடு பேச்சற்றிருந்தால் அம்மரத்தை வெட்டுவதையே சாக்காகக் கொண்டு பேசுவோம். குருத்து ஞாயிறன்று கையில் ஓலை ஏந்தும் முன் இவ்விரண்டையும் செய்து முடிக்க ஆண்டவர் அருள்புரிவாராக.